கண் சிவப்பது யார் வேலை?

தீபாராதனை முடிந்து கற்பூரத் தட்டு வரும்போது கை தானாக நீள்கிறது. சுடரின் மேல் உள்ளங்கைகளைக் காட்டி எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொள்கிறோம். தைப்பூசக் காவடியன்று மொரீஷியஸின் முருகன் கோயில்களில் காலை முதல் இது ஓயாமல் நடக்கும். அதே கை சற்று முன் வரிசைக் கம்பியைப் பிடித்திருக்கும், சளி பிடித்த குழந்தையின் மூக்கைத் துடைத்திருக்கும், காவடி எடுத்தவரின் தோளைத் தாங்கியிருக்கும். சுடருக்கு மேல் அரை நொடி காட்டுவதால் விரலில் இருக்கும் வைரஸ் சாகாது. இமை ஓரத்தில் அது ஒட்டிக்கொள்ளும். கண்ணைத் திறந்து இரண்டு முறை சிமிட்டியதும் கண்ணீரே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

காவடி வரும் தை மாதம் இங்கே கோடை. ஆண்டு விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்திருக்கும், காற்றில் ஈரம் ஏறியிருக்கும். ‘லிசியே ரூஸ்’ என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கிளம்புவதும் இந்தக் காலத்தில்தான். தமிழ்நாட்டு உறவினர்கள் அதையே ‘மெட்ராஸ் ஐ’ என்பார்கள். பக்கத்துத் தீவான ரெயூனியனில் 2015-இல் கண் சிவப்பு கொள்ளைநோயாகப் பரவியது. காரணம் காக்சாக்கி ஏ24 என்ற வைரஸின் ஒரு திரிபு. 2024 தொடக்கத்தில் மாயோத் தீவிலும் ரெயூனியனிலும் மறுபடி பரவியது. ரெயூனியனுக்கு விமானத்தில் முக்கால் மணி நேரம்தான், ஒரு வைரஸுக்கு அது தொலைவே இல்லை.

கண்ணைச் சிவக்க வைப்பது வைரஸ் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அதில் பெரும்பங்கு நம் செல்களின் வேலை. வைரஸ் நுழைந்ததை உணர்ந்த செல், அக்கம்பக்கத்துக்கு அபாயச் செய்தி அனுப்புகிறது. ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வெள்ளணுக்கள் வந்து இறங்குகின்றன, இமை வீங்குகிறது. இது புரியாததால்தான் கண் சிவந்தவுடன் கையில் கிடைத்த சொட்டு மருந்தை ஊற்றிக் காரியத்தைக் கெடுக்கிறோம். ஆகவே அந்தச் செல்கள் என்ன செய்கின்றன என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

கண்ணுக்கும் மூக்குக்கும் உள்ள வழியிலிருந்து தொடங்குகிறேன். கண்ணின் உள்மூலையில், மேல் இமையிலும் கீழ் இமையிலும் ஊசிமுனை அளவில் ஒவ்வொரு துளை உண்டு. கண்ணாடி முன் நின்று கீழ் இமையை லேசாக வெளியே திருப்பினால் தெரியும். அந்தத் துளைகள் வழியாகக் கண்ணீர் ஒரு சிறு பைக்குள் இறங்கி, அங்கிருந்து குழாய் வழியாக மூக்கின் உள்ளே, கீழ் மடிப்புக்கு அடியில் போய்ச் சேர்கிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும், சொட்டு மருந்து விட்டால் தொண்டை கசப்பதும் இதனால்தான். ஒரு கண்ணில் இருக்கும் கண்ணீர் மொத்தமே ஏழெட்டு மைக்ரோலிட்டர். நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலிட்டர் அளவு புதிதாக ஊறி, அதே அளவு வடிந்துகொண்டிருக்கும். சொட்டு மருந்தின் ஒரு துளியோ நாற்பது மைக்ரோலிட்டர் வாக்கில் இருக்கும். கண் அவ்வளவையும் தாங்காது. மிச்சம் கன்னத்தில் வழிகிறது அல்லது மூக்குக்குப் போகிறது. இரண்டு சொட்டு விட்டால் இரட்டிப்புப் பலன் என்பது வெறும் நம்பிக்கை.

ஆக, கண்ணில் விழுந்த வைரஸ் கண்ணில் எதையும் தொற்றாமலே சில நிமிடங்களில் மூக்குக்குள் இறங்கிவிட முடியும். ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் கைக்குழந்தைகளுக்கு மூச்சிரைப்பைக் கொண்டுவருவது. 1981-இல் வெளியான ஓர் ஆய்வில் தன்னார்வலர்களின் கண், மூக்கு, வாய் ஆகிய மூன்று வழிகளிலும் அதைச் செலுத்திப் பார்த்தார்கள். கண் வழியும் மூக்கு வழியும் ஒரே போலத் தொற்றைக் கொடுத்தன, வாய் வழி மிகக் குறைவு. குழந்தையின் சளியைத் துடைத்த கையால் கண்ணைக் கசக்கும் தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் இதைக் கட்டாயம் சொல்லவேண்டும். மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் இந்த வழியை அடைப்பதில்லை.

இனி மேற்பரப்பு. கருவிழியின் மேல் தோல் போலப் படர்ந்திருப்பவை ஐந்து முதல் ஏழு அடுக்குச் செல்கள், மொத்தத் தடிமன் ஐம்பது மைக்ரான். வெள்ளை விழியையும் இமையின் உட்புறத்தையும் மூடியிருப்பது இமையிணைப்படலம். அதில் சளி சுரக்கும் கோப்பை வடிவச் செல்கள் கலந்திருக்கும். அந்தச் சளியின் புரதங்களுக்கு மியூசின் என்று பெயர். அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று கண்ணீரில் கரைந்து மிதப்பது, மற்றொன்று செல்லின் மேல் நாற்று நட்டது போல நெருக்கமாக நிற்பது. இந்த நாற்றங்காலைத் தாண்டித்தான் வைரஸ் செல்லைத் தொட முடியும்.

சுவாச வைரஸ்கள் பலவும் பிடித்து ஏறும் கொழுகொம்பு சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை. அது செல்லின் மேலும் இருக்கிறது, மிதக்கும் மியூசினிலும் இருக்கிறது. மியூசினை வைரஸ் பிடித்துக்கொண்டால் ஏமாந்தது. அடுத்த சிமிட்டலில் அடித்துச் செல்லப்படும். ஃப்ளூ வைரஸிடம் இதற்கு மாற்று உண்டு. நியூராமினிடேஸ் என்ற நொதியைக் கத்தரிக்கோல் போல வைத்திருக்கிறது. ஒட்டிக்கொண்ட சர்க்கரையை அறுத்துவிட்டு மேலே நகரும்.

அந்தச் சர்க்கரை அடுத்த சர்க்கரையோடு சேரும் இணைப்பிலும் இரண்டு விதம். மனிதனின் மூக்கு, தொண்டைப் பகுதியில் ஆல்பா 2,6 இணைப்பு அதிகம். மனிதரிடையே சுற்றும் பருவகால ஃப்ளூ அதைத் தேடும். பறவைகளின் குடலில் ஆல்பா 2,3 இணைப்பு அதிகம், பறவைக் காய்ச்சல் வைரஸ் அதற்குப் பழகியது. மனிதக் கண்ணின் மேற்பரப்புச் செல்களில் மிகுந்திருப்பதும் இந்த 2,3 தான். பறவை வைரஸின் பார்வையில் நம் உடம்பில் வாத்தின் குடலுக்குப் பக்கமான ஓர் இடம் கண்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2003-இல் நெதர்லாந்தின் கோழிப் பண்ணைகளில் எச்7என்7 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் பரவியபோது தொற்று உறுதியான 89 பேரில் 83 பேருக்குக் கண் சிவந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு வேறு அறிகுறியே இல்லை. நிமோனியா கண்டு ஒரு கால்நடை மருத்துவர் இறந்தார். 2024-இல் அமெரிக்காவில் எச்5என்1 என்ற மற்றொரு பறவைக் காய்ச்சல் வைரஸ் கறவை மாடுகளிடம் புகுந்தபோதும் இதே கதை. மாட்டிடமிருந்தோ கோழியிடமிருந்தோ தொற்றிய 45 பேரின் விவரத்தைத் தொகுத்ததில் 93 விழுக்காட்டினருக்குக் கண் சிவப்பு. மூச்சுப்பாதைத் தொல்லை மூன்றில் ஒருவருக்குத்தான். பால் கறக்குமிடத்தில் முகத்தில் பால் தெறிப்பது சாதாரணம், பாதிக்கப்பட்ட மாட்டின் பாலில் வைரஸ் ஏராளம். இங்கே கோழி, வாத்து வளர்ப்பவர்கள் கூண்டு கழுவும்போது முகக்கவசத்தோடு பக்கவாட்டும் மூடிய கண்ணாடி அணியவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். செத்த பறவையைக் கையாண்டவருக்குப் பத்து நாளுக்குள் கண் சிவந்தால் அதைச் சாதாரண லிசியே ரூஸ் என்று விட்டுவிடக் கூடாது. பறவையைத் தொட்ட விஷயத்தை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லவேண்டும்.

வைரஸ் உள்ளே நுழைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செல்லுக்கு அது எப்படித் தெரிகிறது?

செல்லுக்குள் காவல் இருக்கும் புரதங்கள் தேடுவது அங்கே இருக்கக் கூடாத ஆர்.என்.ஏ.யை, அதாவது மரபுச் செய்தியைச் சுமக்கும் இழையை. செல்லின் சொந்த ஆர்.என்.ஏ.வின் நுனியில் தொப்பி போட்டிருக்கும். ஃப்ளூ வைரஸ் பெருகும்போது தொப்பியில்லாத, மூன்று பாஸ்பேட் ஒட்டிய நுனிகள் உருவாகும். ரிக்-ஐ என்ற காவலாள் அதைத் தொட்டே கண்டுபிடிப்பான். காக்சாக்கி வைரஸ் சற்றுத் தந்திரசாலி. தன் ஆர்.என்.ஏ.வின் நுனியில் ஒரு சிறு புரதத்தை மாட்டி மறைத்திருக்கும், ரிக்-ஐக்குப் பிடிபடாது. ஆனால் பெருகும்போது நீண்ட இரட்டை இழை ஆர்.என்.ஏ. உண்டாவதை அதனால் தவிர்க்க முடியாது. எம்.டி.ஏ.5 என்ற மற்றொரு காவலாள் அந்த நீள இழையைப் பிடித்துவிடுவான். டி.எல்.ஆர்.3 என்பவன் செல் விழுங்கிய பொட்டலங்களுக்குள் இதே இரட்டை இழையைத் தேடுகிறான். கருவிழிச் செல்களில் இவன் சுறுசுறுப்பாக வேலை செய்பவன்.

மணி அடித்ததும் இரண்டு வேலைகள் ஒன்றாகத் தொடங்கும். ஒன்று இன்டர்பெரான் சுரப்பு. 1957-இல் கண்டறியப்பட்ட இந்தப் புரதத்தில் பீட்டா வகையும், உடலின் புறப்பரப்புச் செல்களுக்கென்றே அமைந்தது போன்ற லாம்டா வகையும் கண்ணில் வெளிவரும். பக்கத்துச் செல் அதைப் பெற்றதும் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். பி.கே.ஆர். என்ற புரதம் வைரஸ் வந்தால் செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்தும்; வேறொன்று ஆர்.என்.ஏ.யைத் துண்டாக்கும். வீட்டில் தீப்பிடித்தவர் கத்த, அக்கம்பக்கத்தார் கூரையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வது மாதிரி. இந்த வேலையில் கண் சிவப்பதில்லை.

சிவக்க வைப்பது இரண்டாவது வேலை. இன்டர்லூகின் 6, இன்டர்லூகின் 8 போன்ற அழைப்புப் புரதங்கள் வெளியேறுகின்றன. இன்டர்லூகின் 8-இன் வாசனை பிடித்து நியூட்ரோபில் வெள்ளணுக்கள் ரத்தக் குழாயை விட்டுக் கசிந்து வருகின்றன. இமையின் உட்புறத்தில் லிம்போசைட் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் கூடி ஜவ்வரிசி போன்ற சிறு கொப்புளங்களாகத் திரள்கின்றன. காதுக்கு முன்னால் உள்ள நெறி வீங்கி, விரலால் அழுத்தினால் வலிக்கும். பாக்டீரியாவால் வரும் கண்வலியில் இந்த நெறி வீக்கம் அபூர்வம் என்பதால் மருத்துவர் முதலில் அங்கே தொட்டுப் பார்ப்பார்.

வைரஸ்களும் சும்மா இருப்பதில்லை. ஃப்ளூவின் என்.எஸ்.1 புரதம் ரிக்-ஐயின் வாயைக் கட்டுகிறது. கண்ணைச் சிவக்க வைக்கும் மற்றொரு வைரஸான அடினோ, சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளை அள்ளி வீசி பி.கே.ஆரை முடக்குகிறது. காக்சாக்கி இனம் தன் கத்தி போன்ற நொதியால் செல்லின் புரத உற்பத்திக்கு வேண்டிய ஒரு துணைப்புரதத்தை வெட்டிவிடுகிறது. செல் தனக்கு வேண்டியதைச் செய்ய முடியாமல் வைரஸுக்கு மட்டும் உழைக்கும். அதனால்தான் காக்சாக்கி இவ்வளவு வேகம். தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்துக்குள் கண் வீங்கி, வெள்ளை விழியில் ரத்தத் திட்டுகள் தெரியும், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். பார்க்கப் பயங்கரம், பாதிப்பு பெரும்பாலும் குறைவு.

அடினோ வைரஸ் இதற்கு நேர்மாறு. பார்க்கச் சாதாரணமாகத் தொடங்கிக் கடைசியில் பார்வையைத் தொடும். தொற்றிய ஒரு வாரம் வாக்கில்தான் கண் சிவக்கும். 3, 4, 7 ஆகிய வகைகள் காய்ச்சல், தொண்டைவலியோடு வரும். 8, 37, 64 ஆகியவை கருவிழியையும் பிடிக்கும். ஒரு கண்ணில் தொடங்கிச் சில நாளில் மறு கண்ணுக்குப் போகும். இரண்டாவது கண்ணில் வேகம் குறைவாகவே இருக்கும். அதற்குள் உடல் இந்த வைரஸை அடையாளம் கண்டு எதிர்ப்பைத் திரட்டத் தொடங்கியிருக்கும். சிவப்பு அடங்கி, ‘ஆறிவிட்டது’ என்று நினைக்கும் இரண்டாம் வாரத்தில் சிலருக்குப் பார்வை மங்கும், விளக்கைச் சுற்றி ஒளி சிதறும். விளக்கொளியில் கருவியால் பார்த்தால் கருவிழியின் மேலடுக்குக்கு அடியில் சாம்பல் நிற வட்டப் புள்ளிகள் தெரியும், அரிசி நொய்யைத் தூவிவிட்டது போல.

அந்தப் புள்ளிகளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. அவற்றைச் சுரண்டி எடுத்தால் உயிருள்ள வைரஸ் பெரும்பாலும் கிடைக்காது. மேலடுக்கில் வைரஸ் பெருகியபோது அதன் புரதத் துணுக்குகள் கீழே இறங்கின. கருவிழியின் உடற்பகுதியில் இருக்கும் கெரட்டோசைட் செல்கள் அவற்றை உணர்ந்து இன்டர்லூகின் 8 சுரந்தன, வெள்ளணுக்கள் வந்து குவிந்தன. கண்ணாடியாக இருக்கவேண்டிய திசுவில் வெள்ளணுக்கள் தங்கினால் ஒளி சிதறாமல் என்ன செய்யும்? மாதக்கணக்கில், சிலருக்கு வருடங்களுக்கும் நீடிக்கும். செல்களின் எதிர்வினையை அடக்கும் ஸ்டீராய்டு சொட்டு விட்டால் புள்ளிகள் மங்கும். நிறுத்தினால் திரும்பி வரும். முதல் வாரத்திலேயே ஸ்டீராய்டு விட்டால் இன்னும் மோசம், இன்டர்பெரான் வேலை தளர்ந்து வைரஸ் அதிக நாள் வெளியேறிக்கொண்டிருக்கும். நோயாளிக்குக் கண் தெளிந்த மாதிரி இருக்கும், வீட்டில் எல்லோருக்கும் பரப்பிக்கொண்டிருப்பார். போன வருடம் மிச்சம் வைத்த சொட்டு மருந்துப் புட்டியில் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருப்பது மிகச் சாதாரணம். தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது, ஸ்டீராய்டு செய்வதைச் சொல்லிவிட்டேன்.

கொரோனா வைரஸைப் பொறுத்தவரை கண்ணின் பங்கு சிறிது. அது பிடிக்கும் ஏ.சி.இ.2 ஏற்பி கண்ணின் மேற்பரப்பில் கொஞ்சம் உண்டு. ஆய்வகத்தில் இமையிணைப்படலத் திசுவில் அது பெருகியதைக் காட்டியிருக்கிறார்கள். தானம் பெற்ற கருவிழித் திசுவிலோ வேறொரு குழு முயன்றும் பெருகவில்லை.

இப்படி ஆய்வகத்துக்கு ஆய்வகம் விடை மாறுவதற்குப் பெரும்பாலும் செல் வளர்த்த முறைதான் காரணம். மருத்துவ அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கருவிழிச் செல்களைத் தட்டில் ஒற்றை அடுக்காக வளர்த்தால் மியூசின் நாற்றங்கால் முளைக்காது, வைரஸ் தடையில்லாமல் நுழையும். செல்கள் தட்டை நிரப்பிய பிறகு பத்து விழுக்காடு சீரம் சேர்த்து ஏழு நாளாவது விட்டால்தான் அடுக்குகளும் மியூசினும் உருவாகும். பல நிறுவனங்கள் விற்கும் வளர்ப்பு ஊடகத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் கலந்திருக்கும். அதுவும் ஒரு ஸ்டீராய்டு, இன்டர்லூகின் அளவைக் குறைத்துக் காட்டும். சோதனைக்கு முந்தைய நாளே அது இல்லாத ஊடகத்துக்கு மாற்றவேண்டும். கண்ணின் மேற்பரப்பு வெப்பம் 34 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்க, வழக்கப்படி 37-இல் வைத்துவிட்டு முடிவு சொல்வதும் பிழை. பத்துச் செல்லுக்கு ஒரு வைரஸ் என்ற கணக்கில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து மூன்று முறை கழுவி, அந்த நிமிடமே ஒரு மாதிரி எடுத்து வைக்கவேண்டும். அது இல்லாவிட்டால் ஊற்றிய வைரஸின் மிச்சத்தையே பெருக்கம் என்று எண்ணிவிடுவோம். புற ஊதா ஒளியில் செயலிழக்க வைத்த வைரஸைத் தனித் தட்டில் ஊற்றி ஒப்பிடவும் வேண்டும். செல்லின் எதிர்வினை வைரஸ் பெருகியதாலா, வெறுமே தொட்டதாலா என்பது அப்போதுதான் பிரியும். வீரோ என்ற குரங்குச் செல்லில் ஆல்பா, பீட்டா வகை இன்டர்பெரான் மரபணுக்களே கிடையாது. வைரஸ் வளர்க்க அது நல்லது, எதிர்வினை பார்க்க உதவாது. ‘சாங் இமையிணைப்படலச் செல்’ என்ற பெயரில் பல ஆண்டுகள் ஆய்வு நடந்த செல், உண்மையில் கருப்பைக் கழுத்துப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல் கலந்து மூடியது என்று பின்னர் தெரிந்தது. அதை வைத்துக் கண்ணைப் பற்றிச் சொன்ன எதையும் நான் நம்பிக்கையோடு எடுப்பதில்லை.

வீட்டுக்கு வருவோம். கண் சிவந்தால் காண்டாக்ட் லென்ஸைக் கழற்றி எறியுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து உள்மூலையிலிருந்து வெளிமூலைக்கு ஒரே துடைப்பு, பிறகு பஞ்சு குப்பைக்கு. மறு கண்ணுக்குப் புதுப் பஞ்சு. குளிர்ந்த ஒத்தடம் வீக்கத்தைத் தணிக்கும். தாய்ப்பால், திலோ ரோஸ் என்ற பன்னீர், திசான் என்ற மூலிகைச் சாறு எதுவும் கண்ணுக்குள் வேண்டாம்; கிருமி நீக்காத திரவம் புண்பட்ட மேற்பரப்பில் பாக்டீரியாவை விதைக்கும். துண்டும் தலையணை உறையும் தனியாக இருக்கட்டும். அடினோ என்றால் சிவப்பு தொடங்கியதிலிருந்து இரண்டு வாரம் வரை பரவும். அந்த நாட்களில் கோயிலுக்குப் போக நேர்ந்தால் தட்டைத் தொடாமல் தூரத்திலிருந்து கும்பிட்டுக்கொள்ளலாம், முருகன் கோபிக்க மாட்டான். வலி அதிகமானாலும், வெளிச்சம் பார்க்க முடியாவிட்டாலும், பார்வை மங்கினாலும், பிறந்த குழந்தைக்குக் கண் சிவந்தாலும் அன்றே மருத்துவமனை. நம் அரசுக் கண் மருத்துவமனைக்கே சுப்பிரமணிய பாரதியின் பெயர்தான், போகத் தயங்க ஒன்றுமில்லை.

அடினோவுக்கும் காக்சாக்கிக்கும் கொழுப்பு உறை கிடையாது. கையில் தேய்க்கும் ஆல்கஹால் ஜெல்லுக்கு அவை எளிதில் மடங்காது. சோப்புப் போட்டு இருபது நொடி தேய்த்து ஓடும் நீரில் கழுவுவதே மேல். காய்ந்த பரப்பில் அடினோ வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கதவுப் பிடி, குழாய்த் திருகு இவற்றுக்கு ஐந்து விழுக்காடு ஜாவெல் (குளோரின் வெளுப்பான்) ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஈரமாக விட்டுத் துடைக்கவேண்டும். கலவையை அன்றன்று புதிதாகத் தயாரிக்கவேண்டும், வேறெந்தத் துப்புரவுத் திரவத்தோடும் சேர்க்கக் கூடாது. கண் மருத்துவ அறைகளில் விழியழுத்தம் பார்க்கும் கருவியின் முனை விழியையே தொடுகிறது. அதை ஆல்கஹால் பஞ்சால் ஒரு துடை துடைத்து அடுத்தவருக்கு வைப்பது அடினோ காலத்தில் போதாது. இதே அளவு ஜாவெல் கலவையில் ஊறவைத்து எடுத்து, சுத்த நீரில் நன்றாக அலசி, காயவிட்ட பிறகே வைக்கவேண்டும். அலசாமல் விட்ட குளோரின் அடுத்தவரின் கருவிழிச் செல்களை எரித்துவிடும்.